அம்மாவுக்கு வயது என்ன? காரியக் கார்டில் எதைப் போடுவது?

தென்கடல் மகள்

எங்கள் அம்மா போன புதன்கிழமை தவறிவிட்டார். ஊர் ராமநாதபுரம் பக்கம், பெரியபட்டினத்துக்கும் சேதுக்கரைக்கும் இடையில், கடலோரம். கல்யாணச் சாவு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள், கொட்டு வைத்து எடுத்தோம். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு அடிக்க அச்சகத்துக்குப் போனால் முதல் கேள்வியே "வயசு என்னம்மா?" என்பதுதான்.

வீட்டில் மூன்று வயது இருக்கிறது. அண்ணன் 92 என்கிறார். விலக்கு ரோட்டில் வைத்த பிளெக்ஸிலும் 92 என்றே போட்டாகிவிட்டது. ஆதாரில் பிறந்த ஆண்டு 1951, அதாவது 74. சித்தியைக் கேட்டால் "எண்பதுக்கு மேல ஆயிருச்சு, அதுக்கு மேல என்ன கணக்கு" என்கிறார். ஆதாரை நம்பவே முடியாது. அண்ணன் பிறந்தது 1962. அப்படியானால் அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது!

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. பிறப்புப் பதிவும் கிடையாது. உங்கள் வீடுகளில் இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

இன்னொன்று. அச்சகத்தில் "பாசமிகு தாயாரும் பதிபக்தி மிக்க மனைவியுமான" என்று ஆரம்பிக்கும் நாலு வரி தயாராக இருக்கிறது. போன மாதம் பக்கத்துத் தெருவில் இறந்தவருக்கும் அதே நாலு வரிதான். அம்மாவைப் பற்றி அம்மாவுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஏதாவது எழுதவேண்டும் என்று நினைக்கிறேன்.

முண்டு மிளகாய்

ஆழ்ந்த இரங்கல் அக்கா. எங்கள் அப்பத்தாவுக்கு வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ரேஷன் கார்டில் ஒரு வயது. கடைசியில் ரெண்டையும் கூட்டி ரெண்டால் வகுத்துப் போட்டோம். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

தாலுகா ஆபீஸ்

இரங்கல்கள். வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கார்டு வேறு, சான்றிதழ் வேறு. இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். கிராமம் என்றால் பதிவாளர் உங்கள் விஏஓதான். அதில் ஆதாரில் உள்ள வயதே இருக்கட்டும். அங்கே போய் உண்மையான வயதை எழுதுகிறேன் என்று நின்றால் நாளைக்கு வங்கியிலும் வாரிசுச் சான்றிலும் "இவர் வேறு ஆள்" என்பார்கள். கார்டில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், அதை யாரும் அட்டெஸ்டேஷன் கேட்கப் போவதில்லை.

ஆதாரில் 1951 எப்படி வந்தது என்று கேட்டுப் பார்த்தீர்களா? சும்மா வந்திருக்காது. முகாமில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு கணக்குப் போட்டிருப்பார்.

தென்கடல் மகள்

நன்றி ஐயா. கணக்குப் போட்டது எங்கள் அத்தை மகள்தானாம், இப்போதுதான் கேட்டேன். முகாமில் அம்மாவிடம் "நீ எப்ப வயசுக்கு வந்த?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா "புயலடிச்ச வருசம்" என்றாராம். புயல் என்றால் 1964, அதில் பதிமூன்றைக் கழித்தால் 1951. அண்ணனுக்கு அந்தப் புயலில் இரண்டு வயது என்பது அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அண்ணனின் 92க்கும் ஒரு கதை உண்டு. அப்பாவுக்கு 1998இல் பக்கவாதம் வந்தது. முதியோர் உதவித்தொகைக்கு 65 ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். மனு எழுதிக் கொடுத்தவர் சந்தேகமே வரக்கூடாது என்று நாலு சேர்த்து 69 என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து அப்பா 1929இல் பிறந்தவர் ஆகிவிட்டார். அம்மா அப்பாவைவிட நாலு வயது இளையவர் என்பது ஊரறிந்தது. அதனால் 1933, அதனால் 92.

முண்டு மிளகாய்

ஒரு பென்ஷன் மனுவில் மொத்தக் குடும்பத்துக்கும் வயது கூடிப்போச்சா!

வடகடல்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவின் ஆன்மா இளைப்பாறட்டும். எங்கள் பக்கம் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும், பங்குச் சாமியாரிடம் கேட்டால் பெயர், பெற்றோர், ஞானத்தாய் ஞானத்தகப்பன் வரை எடுத்துக் கொடுப்பார். உங்களுக்கு அந்த வழி இல்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இந்த ராமேஸ்வரம் தீவில் யாரைக் கேட்டாலும் புயல் என்றால் 1964 டிசம்பர் 22 ராத்திரிதான். தனுஷ்கோடி போனது, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது, அதற்கு முன்னால் எதுவுமே நடக்காத மாதிரி பேசுவோம். என் தாத்தா அதற்கு முந்தின ஒரு புயலைச் சொல்லுவார். உங்கள் அம்மா புயலைப் பற்றி வேறு ஏதாவது சொன்னாரா? மாசம், மழை, எதுவானாலும்.

தென்கடல் மகள்

சொல்லியிருக்கிறார். வயசுக்கு வந்த பெண்ணைத் தனியே வைக்கும் குச்சிலுக்குள் உட்கார வைத்திருந்தபோது கார்த்திகை விளக்கு வைக்கவே விடாமல் காற்று அடித்ததாம். கூரை ஓலை பறந்து, தீட்டுப் பார்க்காமல் அப்பத்தா வந்து தூக்கிக்கொண்டு ஓடினாராம். "தீட்டுக்காரிய தொட்டுட்டோமேன்னு கிழவி மூணு நாள் முங்கி முங்கி எழுந்துச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்.

சேதுக்கரை

தாயே, விடை அதிலேயே இருக்கிறது. 1964 புயல் மார்கழி. அந்த வருடம் கார்த்திகைத் தீபம் அதற்கு ஒரு மாதம் முன்பே முடிந்தாயிற்று. கார்த்திகை விளக்கை ஒட்டி அடித்தது 1955 புயல். நவம்பர் கடைசியில் கிளம்பி டிசம்பர் 1 வாக்கில் ராஜாமடம் பக்கம் கரை ஏறியது. தஞ்சாவூர் ஜில்லாவுக்குத்தான் பெரிய அடி, ஆனால் நம் ஜில்லாவையும் விடவில்லை. நான் அப்போது சின்னப் பையன், எங்கள் வீட்டுப் பனை இரண்டு விழுந்தது.

1955இல் பதிமூன்று பதினாலு என்றால் 1941 அல்லது 42இல் பிறந்தவர். தமிழ் வருடம் சொல்லி ஏதாவது பேச்சு வீட்டில் உண்டா? அந்தக் காலத்துக் கிழவிகள் இங்கிலீஷ் வருடம் சொல்ல மாட்டார்கள், ஆனால் வருடப் பெயரை மறக்கவும் மாட்டார்கள்.

தென்கடல் மகள்

ஐயா, சித்தியிடம் போனில் கேட்டேன். அவர் சொன்னது அப்படியே: "ஆத்தா சொல்லும், விசுவுல மூத்தவ, பார்த்திபத்துல ரெண்டாமவ, நடுவுல ஒண்ணு தங்கலைன்னு." இதை எங்களிடம் ஏன் சித்தி இதுவரை சொல்லவில்லை என்றால், "யாரு கேட்டா?" என்கிறார்.

சேதுக்கரை

விசு வருடம் 1941 சித்திரையிலிருந்து 1942 பங்குனி வரை. பார்த்திப வருடம் 1945-46. சித்திக்கு இப்போது எண்பதை ஒட்டி இருக்கவேண்டும், சரியா?

அம்மாவுக்கு 83 முடிந்திருக்கும், அல்லது 84. நடப்பு வயது 84 என்று தாராளமாகப் போடலாம்.

தென்கடல் மகள்

சித்திக்கு எண்பதுதான், சொல்லிக்கொண்டே இருப்பார்.

இன்னொன்றும் பொருந்துகிறது. வெள்ளைக்காரன் போன வருடம் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று, பள்ளிக்கூடம் போகாத அம்மாவும் வரிசையில் போய் நின்றிருக்கிறார். முன்பல் விழுந்திருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டே கை நீட்டினாராம். 1947 ஆகஸ்டில் ஆறு வயது என்றால் பல் விழுகிற வயதுதான். அண்ணனுடைய 92ஐ எடுத்துக்கொண்டால் பதினாலு வயதுப் பெண் ஓட்டைப் பல்லோடு நின்றதாக ஆகும்.

தொதல்

கீழக்கரையிலிருந்து. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உங்கள் உம்மாவுக்காக துஆ செய்கிறேன் லாத்தா (அக்காவை நாங்கள் லாத்தா என்போம்).

எங்கள் வீட்டில் வயதுக் குழப்பம் வரவில்லை. வாப்பா ஒரு கித்தாபின் பின் அட்டையில் பிள்ளைகள் பிறந்த நாளையெல்லாம் ஹிஜ்ரியில் எழுதி வைத்திருந்தார். ஹிஜ்ரிக் கணக்கில் நூறு வருடத்துக்கு மூன்று வருடம் கூடும், அதை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். உம்மா பிறந்ததையும் கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டு அதிலேயே எழுதியிருந்தார்.

வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். போட்மெயில் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். புயலுக்கு அப்புறம் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார், மூன்று மாதம் இருப்பார். மீதிக் காலம் முழுக்கக் கடிதம்தான், அரபுத்தமிழில். உம்மா அதைத் தானே படித்து, தானே பதிலும் எழுதுவார். வீட்டு மராமத்து, நிலத்துக் குத்தகை, எங்கள் படிப்பு எல்லாம் அந்தக் கடிதங்களில்தான் முடிவாகும். முடிவு வாப்பாவுடையது என்று வெளியே சொல்வார். பதில் வர எடுக்கும் நாளுக்குள் உம்மா காரியத்தை முடித்திருப்பார் என்பது வீட்டுக்குள் இருந்த எங்களுக்குத் தெரியும்.

எனக்கு இன்றைக்கும் பொறுக்காத விஷயம், அத்தனை கடிதம் எழுதிய கை, ரேஷன் கடையிலும் ஆபீஸிலும் ரேகைதான் வைத்தது. அரபு எழுத்தில் தமிழ் எழுதினால் எழுதத் தெரியாதவர் கணக்கு.

முண்டு மிளகாய்

லாத்தா, உங்கள் பெயரைப் பார்த்ததிலிருந்து கேட்க நினைக்கிறேன். தொதல் என்கிற அந்தத் தேங்காய்ப்பால் இனிப்பைக் கிளற எவ்வளவு நேரம் ஆகும்?

தொதல்

கை ஓய்ந்து இன்னொரு ஆளைக் கூப்பிட்டு, அந்த ஆளும் ஓய்கிற வரைக்கும். தேங்காய்ப்பாலைக் குறைத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் அது தொதல் இல்லை. இழையை விட்டு வெளியே போகாதீர்கள் தம்பி, லாத்தா வருத்தத்தில் இருக்கிறார்.

தென்கடல் மகள்

பரவாயில்லை லாத்தா, அம்மா இருந்திருந்தால் அவரும் தொதலைத்தான் கேட்டிருப்பார்.

வயது தீர்ந்தது. இனி அந்த நாலு வரி. அம்மாவைப் பற்றித் தெரிந்ததை எழுதிப் பார்க்கிறேன், எதைக் கார்டில் போடலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

அம்மா பாசி எடுத்தவர். 1964 புயலுக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் எங்கள் கரைக்குப் பாசி வாங்க ஆள் வர ஆரம்பித்தார்கள், மருந்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் ஆகும் என்று. ஆண்கள் அதைச் சட்டை செய்யவில்லை. அம்மாவும் இன்னும் சில பெண்களும் முதலில் கரையோரத்தில் கட்டக்கோரை பறித்தார்கள். அப்புறம் மரிக்கொழுந்துக்கு நல்ல விலை என்று தெரிந்ததும் வத்தையில் ஏறித் தீவுகளுக்குப் போனார்கள். அப்பா தீவு, தலையாரித் தீவு, வாழைத்தீவு, முள்ளித்தீவு. விடியுமுன் போனால் வெயில் ஏறி நீர் பெருகுமுன் வரவேண்டும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பாறை தோலை உரித்துவிடும். இடுப்பில் சாக்கு. மூச்சை அடக்கி முங்குவது, கைக்கு வந்ததைப் பிய்ப்பது, மேலே வந்து சாக்கில் போடுவது, திரும்ப முங்குவது.

பாறையில் கால் வெட்டாமல் இருக்க அப்பா பழைய தகர டின்னை வெட்டி, ஓரத்தை மடித்துத் தட்டி, அம்மாவின் பாதத்துக்கு அளவெடுத்துத் தட்டுச் செய்துகொடுப்பார். வருடத்துக்கு இரண்டு ஜோடி. மற்ற வீட்டு ஆண்கள் அப்பாவை ராமனின் பாதுகையைச் சுமந்த பரதன் என்று கேலி பேசுவார்களாம். அப்பாவுக்கு அதில் கோபம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்பா வாங்கிய முதல் வள்ளத்துக்கு அம்மாவின் நகை போனது. அது எல்லா வீட்டிலும் நடப்பது. ஆனால் எங்கள் வீட்டில் நகை திரும்பி வந்தது. பாசிக் காசில் அம்மாவே மீட்டார். இரண்டாவது தடவை வலைக்குப் போனது, அதையும் மீட்டார். வட்டிக் கணக்கு முழுவதும் அடுப்படிச் சுவரில் கரிக்கோடு. வட்டிக்காரர் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால், அம்மா சுவரைக் காட்டி "எனக்கு இது சொல்லுது, உங்களுக்கு அது என்ன சொல்லுது?" என்பார். சுவருக்கு வெள்ளையடிப்பது என்றால் கடன் தீர்ந்தது என்று எங்களுக்குத் தெரியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வருடங்களும் உண்டு.

அப்பா படுத்தது 1998. போனது 2009. அத்தனை வருடமும் அவர் முதுகில் ஒரு புண் வரவில்லை. ராத்திரி இரண்டு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பார். பார்க்க வந்த நர்ஸ் ஒருவர் "யாரும்மா பாக்குறது?" என்று கேட்டபோது அம்மா "பொம்பளை நான்தான், வேற யாரு" என்று எரிச்சலாகச் சொன்னார். அம்மா பொறுமையின் சிகரம் எல்லாம் இல்லை. அப்பாவைத் திட்டிக்கொண்டேதான் எல்லாம் செய்வார். கஞ்சியை ஊட்டிக்கொண்டே "கடலுக்குப் போனப்ப ஒழுங்காச் சாப்பிட்டியா, இப்ப மட்டும் என்ன ருசி கேக்குது" என்பார். அப்பா வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பார்.

வேதாளை

அக்கா, என் அம்மாவும் பாசிக்குப் போனவர்தான். படிக்கும்போது கை நடுங்கியது. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து.

இப்போது பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிப் பெருமையாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிறார்கள். சின்னப்பாலத்து லட்சுமி அம்மாவுக்கு 2015இல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கொடுத்தார்கள், நியாயமான விருது, எனக்கும் சந்தோஷம். ஆனால் என் அம்மா அதைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கண் எரிச்சல், காது வலி, முட்டி வலி. 1986இல் தீவுகளைத் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு சாக்கைப் பிடுங்குவார்களோ என்ற பயம் வேறு. தங்கச்சிகளைத் தண்ணீரில் இறங்கவே விடவில்லை. "எனக்கு இது விதி, உங்களுக்கு எதுக்கு?" என்பார். பின்னால் பெப்சி கம்பெனி கொண்டுவந்த, மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற பெப்சி பாசி வந்தபோதுகூட அவர்களை விடவில்லை. அவர் கார்டில் "பாசி எடுத்தவர்" என்று போட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார். "பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்" என்று போட்டோம்.

உங்கள் அம்மாவுக்கு எது பெருமை என்று அவர் சொல்லியிருக்கிறாரா? நமக்குப் பெருமையாகத் தெரிவதை அவர் தலையில் கட்டக்கூடாது.

தென்கடல் மகள்

நல்ல கேள்வி தம்பி. உங்கள் அம்மாவுக்கு அது விதி. எங்கள் அம்மாவுக்கு அப்படியில்லை. அப்பா இருக்கும்போதும் போனார், அண்ணன்கள் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் போனார். அப்பா படுத்த பிறகு வேறு வழியில்லாமல் குறைத்தார், அப்போதும் சித்தியை அப்பா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வாரத்தில் ஒரு நாளாவது போவார். எங்களுக்குப் புரியவே இல்லை. ஒரு தடவை கேட்டதற்கு "அங்க எவனும் என்னைய ஏய், இங்க வான்னு கூப்புட மாட்டான்" என்றார்.

தீவில் பெண்கள் மட்டும். கொண்டுபோன கஞ்சியைப் பங்கு வைத்துக் குடிப்பார்கள், கருவாட்டைச் சுட்டுக் கடித்துக்கொள்வார்கள், யார் வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் அங்கேதான் பேசித் தீரும். மருமகள் பிரச்சினை, புருஷன் குடி, பெண் பார்க்கப் போன கதை. மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியும் வளரட்டும் என்று அவர்களாகவே ஓய்வு விடும்போது அம்மா வீட்டில் நிலைகொள்ளாமல் திரிவார். நான் ஒரே ஒரு தடவை கூடப் போயிருக்கிறேன், பள்ளி லீவில். வத்தையில் திரும்பி வரும்போது அம்மா பாடினார். வீட்டில் அம்மா பாடி நான் கேட்டதில்லை.

அதனால் அம்மா விஷயத்தில் அது பெருமைதான் என்று நான் துணிந்து சொல்வேன்.

வடகடல்

தகரத் தட்டு நல்ல விஷயம். அப்பாவையும் கார்டில் மறந்துவிடாதீர்கள்.

இதைப் படித்ததும் என் பெரியம்மா நினைவு வருகிறது. பெரியப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. உடல் இல்லாவிட்டால் இறந்ததாக எழுத மாட்டார்கள். ஏழு வருடம் தகவல் இல்லை என்றால்தான் சட்டம் இறந்தவராக எடுத்துக்கொள்ளும். அந்த ஏழு வருடமும் பெரியம்மா தாலியோடுதான் இருந்தார். கோயிலில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவர் எந்தக் கல்லறைக்கும் போகாமல் குகை மாதிரிக் கட்டிய கெபியில் போய் நிற்பார். விதவை உதவித்தொகை கிடையாது, ஏனென்றால் விதவை இல்லை. புருஷன் சம்பாத்தியமும் கிடையாது, ஏனென்றால் புருஷன் இல்லை. கருவாடு சுமந்து நாலு பிள்ளைகளை ஆளாக்கினார். ஏழு வருடம் முடிந்து சான்றிதழ் வந்த அன்று, அத்தனை நாள் அழாதவர் அழுதார். சான்றிதழைக் கையில் வாங்க மாட்டேன் என்று சொல்லி, என் அப்பாதான் வாங்கினார்.

அவர் இறந்தபோது நினைவு அட்டையில் வழக்கமான வேத வசனம் மட்டும்தான் போட்டோம். இப்போது யோசித்தால் போதாது என்று தோன்றுகிறது.

தாலுகா ஆபீஸ்

வடகடல் தம்பி சொன்னது சரி. அந்த மாதிரி மனுக்களை நான் கையில் வாங்கியிருக்கிறேன். விதி எங்களையும் கட்டிப் போட்டிருந்தது. வேறென்ன சொல்ல.

பெரியவன்

இந்த இழையை என் மகன் காட்டினான். நான்தான் அந்த 92 அண்ணன். தங்கச்சி எழுதியது எல்லாம் உண்மை, ஆனால் ஒன்றை விட்டுவிட்டாள்.

அம்மாவைப் பாசிக்குப் போகாதே என்று நிறுத்தியது நான். அப்பா போன அடுத்த வருடம். காலில் பாறை கிழித்துக்கொண்டு வந்தார், சர்க்கரை இருந்ததால் காயம் ஆறாமல் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறமும் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மகன் என்ன செய்வான்? சாக்கையும் முங்கும்போது போடுகிற கண்ணாடியையும் எடுத்து ஒளித்துவைத்தேன். அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. தங்கச்சி ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு "அம்மாவை விடுண்ணா" என்று போனில் சொன்னாள். புண்ணைக் கட்டியது என் பெண்டாட்டி. அதையும் எழுத வேண்டுமில்லையா?

92 என்று போட்டது பெருமைக்குத்தான். ஊரில் எல்லா பிளெக்ஸிலும் தொண்ணூறு தொண்ணூற்றைந்து என்று இருக்கிறது, நம் அம்மாவுக்கு மட்டும் குறைவாக இருந்தால் சரியாகப் பார்க்கவில்லை என்பார்கள்.

சேதுக்கரை

தம்பி, ஒரு யோசனை. எண்பது வருடமும் பத்து மாதமும் ஆனால் ஆயிரம் பிறை கண்டவர் என்பது நம் வழக்கம். அம்மா அதைத் தாண்டியே மூன்று வருடம் இருக்கும். "ஆயிரம் பிறை கண்ட" என்று போட்டு, கீழே 84 என்று போடுங்கள். 92ஐ விட அது கம்பீரமாக இருக்கும், பொய்யும் இல்லை.

பெரியவன்

இது சரியாக இருக்கிறது ஐயா. பிளெக்ஸை இன்றைக்கே இறக்கச் சொல்கிறேன்.

தென்கடல் மகள்

அண்ணா, அண்ணி செய்ததை நான் விட்டது தப்பென்று நீ சொன்னால் சரி. அண்ணி இல்லாவிட்டால் அம்மா கடைசி நாலு வருடம் இவ்வளவு மரியாதையாக இருந்திருக்க மாட்டார், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் கண்ணாடியை ஒளித்த விஷயத்தில் நான் இன்னும் அம்மா பக்கம்தான்.

கார்டுக்கு எழுதியது இது. எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்.

"ஆயிரம் பிறை கண்ட எங்கள் தாயார் (விசு வருடம், 1941-42 – விசுவாவசு வருடம், 2025), வயது 84. நாற்பது வருடத்துக்கும் மேல் தீவுகளில் பாசி எடுத்தவர். இரண்டு முறை அடகு போன நகையை இரண்டு முறையும் தன் உழைப்பில் மீட்டவர். கணவரைப் படுக்கையில் பதினொரு வருடம் புண் வராமல் பார்த்தவர். கடன் வைக்காதவர்."

வேதாளை

"கடன் வைக்காதவர்" போதும் அக்கா, மற்றது எல்லாம் அதில் அடங்கிவிடும். ஆனால் எதையும் எடுக்காதீர்கள்.

தொதல்

காலில் கட்டிய தகரத் தட்டு இல்லையே லாத்தா?

தென்கடல் மகள்

இடமில்லை லாத்தா, கார்டு சின்னது. தட்டு ஒரு ஜோடி வீட்டில் இருக்கிறது, காரியத்தன்று படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறோம்.

பெரியவன்

"பாசமிகு" என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. ஊரில் கேட்பார்கள்.

தென்கடல் மகள்

சரிண்ணா, "எங்கள் பாசமிகு தாயார்" என்று முதலில் சேர்த்துக்கொள். அச்சகத்துக்கு இன்று மாலைக்குள் அனுப்பிவிடு, முந்நூறு கார்டு போதும். காரியம் வெள்ளிக்கிழமை காலை சேதுக்கரையில், சாப்பாடு வீட்டில். இழையில் பேசிய எல்லோரும் வாருங்கள், ராமநாதபுரத்திலிருந்து பெரியபட்டினம் பஸ் இருக்கிறது. விலக்கில் இறங்கிக் கேட்டால் வீட்டைச் சொல்வார்கள்.

முண்டு மிளகாய்

நான் வருகிறேன் அக்கா. சித்தியைப் பார்க்கவேண்டும். எங்கள் அப்பத்தா பிறந்த வருடத்தையும் அவர்தான் சொல்லமுடியும் போலிருக்கிறது.